கழுத்தில் மாட்டினால் எடை இல்லை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, சென்ற வசந்தத்தில், சியரா மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் டஸ்டி ஃபோர்க் என்ற எங்கள் ஊரில், அறுபது கிராமுக்கும் குறைவான தண்ணீர் வடிகட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. இந்த மூன்றாவது சாதனையில் எனக்கும் பங்கு உண்டு. நான் இறகுநடைச் சங்கத்தின் செயலாளர்.

மலையேறுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள், மலையைப் பார்க்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். நாங்கள் அப்படியல்ல. நாங்கள் மூட்டையைப் பார்க்கிறோம். அதில் என்ன இல்லை என்பதுதான் எங்கள் பெருமை. நாடே அவுன்ஸ், பவுண்டு என்று பேசும்போது எங்கள் வட்டாரத்தில் கிராமில் பேசுகிறவர்கள் இரண்டே வகைதான்: போதைத் தூள் விற்கிறவர்கள், நாங்கள். ஒருமுறை ஷெரீப்பின் ஆள் எங்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, தராசையும் பிளாஸ்டிக் உறைகளையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கம் கேட்டார். தலைவர் விளக்கினார். அரை மணி நேரத்துக்குப் பின், "தூளாவே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தலைவர் வெண்டல் கிராட்ஸ், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். மலைப் பாதையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எடை குறைப்பதற்காகப் பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்து எறிந்தவர் அவர். அன்று முதல் 'அரைப் பிரஷ்'. அவரிடம் ஆயுள் முழுக்கப் பல்லைக் காட்டியவர்கள் அந்தச் செய்தியிலிருந்து இன்னும் மீளவில்லை. பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் பெர்னிஸ் ஹாலொவேயின் பெயர் 'மைக்ரான்'. எந்தக் கிருமி எவ்வளவு பெரியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நான் 'லேபிள்'. என் துணிகளில் இருந்த லேபிள்களை எல்லாம் கத்தரித்துவிட்டேன். இரண்டு கிராம் மிச்சம். இப்போது என் சட்டை அளவு எனக்கே தெரியாது.

எங்களுக்கு ஒரு வேதம் உண்டு. அதன் பெயர் 'அடிப்படை எடை'. முதுகுப் பையில் இருப்பது மட்டுமே எடை. தின்பது எடையல்ல, குடிப்பது எடையல்ல, உடம்பில் மாட்டியிருப்பது எடையல்ல. எங்கள் இனத்தார் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இது. இந்த விதியைத் தலைவர் அளவுக்கு உணர்ந்து நடந்தவர் யாரும் இல்லை. ஜூலை வெயிலில் மூன்று சட்டை போட்டு, ஒவ்வொரு சட்டைப் பையிலும் கத்தி, விளக்கு, கயிறு, உலர்ந்த மாட்டிறைச்சி என்று அடைத்துக்கொண்டு வருவார். அவருடைய முதுகுப் பை காற்றில் பறக்கும். அவர் மட்டும் பறக்க மாட்டார்.

சங்கம் கூடுவது லோர்னா பெட்டியின் உணவுக்கடையில். மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால் கடைசிக் கட்டடம் அதுதான். லோர்னா சுடும் ஆப்ரிகாட் பை மாகாணத்தின் இந்தப் பக்கம் முழுக்கப் பிரசித்தம். (மாவில் பழம் பொதிந்து சுட்டுத் தின்கிற பை, மாட்டுகிற பை அல்ல.) மலையில் ஒரு பையில் குறைத்ததை எல்லாம் இறங்கி வந்து இன்னொரு பையில் ஏற்றிக்கொள்வோம். வேதப்படி அது எடையல்ல.

லோர்னாவின் கடைக்குத் தண்ணீர், மலையிலிருந்து இறங்கும் ஓடையிலிருந்து வருகிறது. குழாய் போட்டு, தொட்டியில் தேக்கி, மருந்து கலந்து விடுகிறாள். போன ஆண்டு கோடை முடிவில் சுகாதார அலுவலகத்தார் அந்தத் தண்ணீரைச் சோதித்தார்கள். மருந்தையும் மீறிக் கிருமி இருந்தது. இன்னொரு முறை இருந்தால் குழாய்க்குச் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோடை மூன்று மாதம்தான் லோர்னாவுக்கு வருஷம். மிச்ச மாதங்களில் பனியும் அவளும்தான் கடையில் இருப்பார்கள்.

எனவே வசந்தத்தின் முதல் கூட்டத்தில், நாங்கள் தராசைக் கேட்டபோது, அவள் தராசோடு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தலைவரே, ஒரு விஷயம். வருஷா வருஷம் ஜூலையில நீங்க மேல புல்வெளியில போய்த் தங்குறீங்க. அங்கேருந்துதான் ஓடை கீழ வருது."

"ஆமா. அருமையான இடம்."

"காலையில எங்க போறீங்க?"

"மேற்குச் சரிவு. சில சமயம் ஏரிப் பக்கம்."

"நடக்கப் போறதைக் கேக்கல. வெளிக்குப் போறதைக் கேக்குறேன்."

பெர்னிஸ் கண்ணாடியைத் துடைத்தார்.

"பாறை மறைவுல," என்றார் தலைவர்.

"ஓடைக்கு எவ்வளவு தூரத்துல?"

"பாறை எங்க இருக்கோ அங்க. பாறையை நாங்க வைக்கலையே லோர்னா."

"குழி தோண்டுறீங்களா?"

"குதிகாலால ஒரு கீறு கீறுவோம். கல்லை எடுத்து மேல வைப்போம். மிச்சத்தை இயற்கை பாத்துக்கும்."

"இயற்கை பாத்துக்கல. எங்கிட்ட அனுப்பி வைக்குது." ஏப்ரன் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். தகட்டாலான மண்கரண்டி. குழி தோண்டுவதற்கென்றே செய்தது. உள்ளங்கை நீளம், காகிதம் போல இலேசு. "உங்களுக்காகத்தான் தேடி வாங்கினேன். ஓடையை விட்டுத் தள்ளிப் போங்க. ஆழமாத் தோண்டி மூடுங்க. நான் கேக்குறது இவ்வளவுதான்."

தலைவர் கரண்டியைத் தராசில் வைத்தார். எங்களுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் செய்வோம். அவருக்குப் பேரன் பிறந்தபோதும் அதைத்தான் செய்தார்.

"பதினேழு கிராம்," என்றார், துக்கச் செய்தி சொல்பவர் குரலில்.

"அதிகமா?"

"லோர்னா, நான் பிரஷ்ஷை அறுத்து மிச்சம் பிடிச்சது ஒம்பது கிராம்."

கரண்டி விவகாரம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஏனென்றால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் அதைவிட அவசரமான பொருள் இருந்தது: மலை ஓடைத் தண்ணீர் வரவரச் சரியில்லை; உறுப்பினர்களின் உடல்நலத்தைக் காக்க ஒரு வடிகட்டி தேவை.

அந்தத் தேர்வு நடந்த விதத்தை வருங்காலத் தலைமுறை அறிய வேண்டும். பனி உருகி, பூப்பூத்து, பூ உதிரும் வரை நடந்தது. கையால் அடிக்கும் பம்ப் வடிகட்டி முதலில் வந்தது. அது தண்ணீரைச் சுத்தமாகத்தான் தந்தது. ஆனால் அடிக்கும்போது வாத்து போலக் கத்தியது, வாத்தைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு. மரத்தில் தொங்கவிடும் பை வந்தது. மரம் இல்லாத உயரத்தில் யார் மரமாக நிற்பது என்பதில் தகராறு. ஒளி பாய்ச்சிக் கிருமியைக் கொல்லும் பேனா வந்தது. அது பேட்டரி கேட்டது, பேட்டரி எடை கேட்டது. கொதிக்க வைக்கலாமே என்றார் ஒரு புது உறுப்பினர். அவரை யாரும் திட்டவில்லை. அவரே அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

குளோரின் மாத்திரைதான் எல்லாவற்றிலும் இலேசு. அதற்கு நான் வாக்களிக்கத் தயாராக இருந்தேன்.

"அரை மணி நேரம் காத்திருக்கணும்," என்றார் பெர்னிஸ். "காத்திருக்கிறதும் ஒரு சுமைதான்."

"அதோட நீச்சல் குளத்தைக் குடிச்ச மாதிரி இருக்கும்," என்றார் தலைவர்.

கடைசியில் வந்தது அது. விரல் தடிமனில் ஒரு குழல், உள்ளே நுண்ணிய இழைகள், முனையில் சுருட்டி வைக்கிற ஒரு பை. ஓடையில் பையை நிரப்பி அழுத்தினால் மறுமுனையில் தண்ணீர். தராசு ஐம்பத்தேழு காட்டியது. கைதட்டினோம். ஆனால் பெர்னிஸ் கையை உயர்த்தினார்.

"காய்ஞ்சு இருக்கும்போது ஐம்பத்தேழு. ஒரு தடவை நனைஞ்சா உள்ள தண்ணி நின்னுக்கும். அப்போ எண்பதுக்கு மேல போயிடும்."

தலைவர் கண்களை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒளி இருந்தது.

"உள்ள நிக்கிறது என்ன?"

"தண்ணி."

"தண்ணி குடிக்கிற பொருள். குடிக்கிறது எடையில்ல."

மேதைமை என்பது இதுதான். அத்தோடு அவர் நிற்கவும் இல்லை. ஒரு கயிற்றை எடுத்தார். வடிகட்டியில் கோத்தார். கழுத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"இப்ப இது என்ன?"

"வடிகட்டி," என்றேன்.

"தப்பு, லேபிள். உடுப்பு. உடம்புல மாட்டியிருக்கு. உடம்புல மாட்டினது எடையில்ல. நண்பர்களே, சைபர் கிராம்ல வடிகட்டி வாங்கியிருக்கோம்."

சிலர் எழுந்து நின்றார்கள். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லோர்னா ஜாடியோடு நின்றாள்.

"அப்போ அந்தக் கரண்டியையும் கழுத்துல மாட்டிக்கோங்க. அதுவும் சைபர்தானே?"

இந்தக் கேள்வியை அவளிடமிருந்து நாங்கள் எதிர்பார்க்கவில்லை. யாரிடமிருந்துமே எதிர்பார்க்கவில்லை. உடனே விவாதம் தொடங்கியது. கணக்குப்படி அவள் சொன்னது சரி என்றார் பெர்னிஸ். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றார் தலைவர்.

"வடிகட்டி ஒரு கருவி, லோர்னா. அதைக் கழுத்துல மாட்டினா ஒரு விஞ்ஞானி மாதிரி இருக்கும். கரண்டியை மாட்டிக்கிட்டுப் போனா, எதிர்ல வர்றவன் பாத்துட்டு என்ன நினைப்பான்?"

"வெளிக்குப் போறவருன்னு நினைப்பான்."

"அதைத்தான் சொல்றேன். ஒரு கண்ணியம் வேணாமா?"

கரண்டித் தீர்மானத்தை நான் முறைப்படி வாசித்தேன். ஆதரவாக ஒரு கையும் எழவில்லை. பெர்னிஸின் கை பாதி எழுந்து காது வரை போய், அங்கே சொரிந்துவிட்டு இறங்கியது.

லோர்னா கரண்டியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "வடிகட்டின முட்டாளுங்கன்னு சொல்லுவாங்க. கேள்விப்பட்டிருக்கேன். இன்னைக்குத்தான் கழுத்துல மாட்டியிருக்கிறதைப் பாக்குறேன்."

'வடிகட்டின' என்ற சொல்லைச் சங்கத்தின் புதிய கொள்கைக்குக் கிடைத்த முதல் பாராட்டாகப் பதிவு செய்யுமாறு தலைவர் எனக்கு உத்தரவிட்டார். செய்தேன்.

ஜூலையில் கிளம்பினோம். அந்தப் பயணத்தைப் போல ஒரு பயணம் இனி வராது. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு வடிகட்டி. எதிரே வந்த குதிரைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "என்ன, ஏதாவது மதமா?" என்று மரியாதையாகக் கேட்டார். புல்வெளியை அடைந்ததும் ஓடையில் மண்டியிட்டு, அழுத்தி, குடித்தோம். பெர்னிஸ் கண்கலங்கினார்.

"ஒண்ணுமே இல்ல," என்றார். "தண்ணி மட்டும்தான் இருக்கு."

இந்த வடிகட்டிக்கு ஒரே ஒரு பலவீனம். உறைந்தால் உள்ளே இழை உடைந்துவிடும். உடைந்தது வெளியே தெரியாது. எனவே குளிரில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு படுத்தோம். தலைவருடைய மனைவி இதைக் கேள்விப்பட்டு, முப்பது வருடத்தில் தனக்கு அப்படி நடந்ததில்லை என்று பின்னால் சொன்னார்.

காலைக் கடன்கள் வழக்கம்போல் நடந்தன. பாறை வழக்கமான இடத்தில் இருந்தது. ஓடையும் அதன் பக்கத்தில் வழக்கமான இடத்தில் இருந்தது. அடியில் கருங்கல், குதிகால் கீறவில்லை. ஆளுக்கொரு கல்லைத் தேடி மேலே வைத்தோம். கடைசி நாளில் கல்லுக்குத் தட்டுப்பாடு.

அன்று பகலில் மலையில் இடி இடித்துப் பெருமழை பிடித்தது. சரிவு முழுக்கத் தண்ணீர் ஓடியது. கல்லெல்லாம் உருண்டது. ஓடை பழுப்பு நிறத்தில் பொங்கிக் கீழே பாய்ந்தது. நாங்கள் நனைந்தோம். நனைந்த துணியின் எடை எடையல்ல.

இறங்கி வந்து நேராக லோர்னாவின் கடை. கல்லா ஓரத்தில் ஒல்லியான மனிதர் ஒருவர் ஆப்ரிகாட் பை தின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு சின்னப் பெட்டி. லோர்னா எங்களைப் பார்த்து அவர் பக்கம் கண்ணைக் காட்டினாள். நாங்களும் அவருக்கு வணக்கம் சொன்னோம். அவள் இன்னொரு முறை காட்டினாள். இன்னொரு முறை சொன்னோம்.

அவள் கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் தம்ளரை எடுத்தார். கழுத்திலிருந்த வடிகட்டியின் பையில் ஊற்றினார். வெறும் தம்ளருக்குள் அழுத்த ஆரம்பித்தார். பெர்னிஸும் செய்தார். கட்டுப்பாடு கருதி நானும் செய்தேன். மேஜை முழுக்கப் பிதுக்கல் சத்தம்.

ஒல்லியான மனிதர் திரும்பிப் பார்த்தார். "என்ன பண்றீங்க?"

"வடிகட்டுறோம்."

"இது கடைத் தண்ணிதானே?"

"கடைத் தண்ணிதான். ஆனா ஓடையிலேருந்துல்ல வருது."

"அந்தம்மா மருந்து கலக்குறாங்களே."

தலைவர் சிரித்தார். விஷயம் தெரிந்தவர் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "சார், நாங்க மேலேருந்து வர்றோம். மேல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு," என்றார் பெர்னிஸ். கிருமிகளின் பெயர்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகச் சொன்னார். "இன்னைக்கு மழை வேற. சரிவுல கிடந்தது அத்தனையும் இறங்கியிருக்கும்."

"டீச்சர்," என்றாள் லோர்னா மெதுவாக, "பை சாப்பிடுங்க."

"சரிவுல என்ன கிடந்தது?" என்று கேட்டார் அவர்.

பெர்னிஸ் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது சங்கத்தோட உள்விவகாரம்," என்றார் தலைவர்.

அந்த மனிதர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பை பாதி இருந்தது. லோர்னாவின் கடையில் ஒருவர் பாதிப் பையை வைத்துவிட்டு எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் பெயர் ஓகில்வி என்றும், சுகாதார அலுவலகத்திலிருந்து வருவதாகவும் சொன்னார்.

"அடுத்த வாரம்தான் சோதனைக்குத் தண்ணி எடுக்கிறதா இருந்தேன், லோர்னா. மழைத் தண்ணி வடியட்டும்னு பாத்தேன். இவங்க பேசுனதைக் கேட்டப்புறம் எடுக்காமப் போக முடியாது."

பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாய்க்குப் போனார். லோர்னா அவர் பின்னால் போகவில்லை. எங்கள் மேஜை அருகிலேயே தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார் தலைவர்.

குழாய்க்குச் சீல் வைத்தார்கள். ஜூலையின் மிச்சம் போயிற்று, ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. சமையலுக்கு இருந்த பெண் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். மலைக்கு வந்த கார்கள் கடை வாசலில் வேகம் குறைத்து, 'கடை மூடியிருக்கிறது' என்ற பலகையைப் படித்து, போய்விட்டன.

சங்கம் வாளாவிருக்கவில்லை. தலைவரின் கார் கொட்டகையில் அவசரக் கூட்டம் நடந்தது. பை இல்லாத முதல் கூட்டம். துயரம் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

"அந்தக் கரண்டியைக் கொண்டுபோயிருக்கலாமோ?" என்றார் பெர்னிஸ்.

"மைக்ரான், உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார் தலைவர். "அந்தம்மாவுக்கு இப்பத் தேவை சுத்தமான தண்ணி. அதைக் கொடுக்கிற பொருள் நம்மகிட்ட இருக்கு."

ஆழ்ந்த அனுதாபத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சங்கத்தின் மிக உயர்ந்த கௌரவமாக லோர்னாவுக்கு ஒரு வடிகட்டியை, கயிறு கோத்து, அன்பளிப்பாகத் தருவதென்றும் முடிவாயிற்று. போனோம். அவள் பூட்டிய கடையின் பின்வாசலில் மாவு மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பூச்சி வைப்பதற்குள் வேறொரு கடைக்காரருக்குத் தள்ளிவிட. தலைவர் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். அவள் மூட்டையை இறக்காமலே கேட்டாள். முடிந்ததும் மூட்டையை வேனில் போட்டுவிட்டு வடிகட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதையெல்லாம் நிறுத்தும்?"

"ஓடையைக் கெடுக்கிறது எதுவா இருந்தாலும் நிறுத்திடும்," என்றார் பெர்னிஸ்.

"ரொம்பப் பெருசா இருந்தா?"

"பெருசுன்னா கவலையே இல்ல. சின்னதை நிறுத்துறதுதான் கஷ்டம்."

லோர்னா தலைவரை, மூன்று சட்டையோடும், தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.

"அப்ப சரி. இது எனக்கு உதவும்," என்றாள்.

முதல் பனி விழும்போது கடை மீண்டும் திறந்தது. பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக் கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் வருகிறது. நாங்கள் பரிசளித்த வடிகட்டியை வீணாக்காமல் வாசற்கதவின் நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். திறப்பு நாளில் சங்கம் முழுவதுமாக, தலைவர் முன்னே நடக்க, அணிவகுத்துப் போனோம். அவள் வாசலை மறித்து நின்று வடிகட்டியைக் காட்டினாள்.

"இது வழியா வர்றதா இருந்தா வாங்க."

இந்த நேரத்தில் எங்கள் தேர்வைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். விற்றவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. லாரிக்காரர்கள் உள்ளே போகிறார்கள். குதிரைக்காரர் போகிறார். ஓகில்வி வாரம் ஒருமுறை போய்ப் பையை முழுசாகத் தின்றுவிட்டு வருகிறார். எங்கள் வடிகட்டி அவர்களில் ஒருவரையும் தடுக்கவில்லை. ஓடையைக் கெடுத்தவை மட்டும், தலைவர் முதல் செயலாளர்வரை, இன்றுவரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை.